யூகோவில் கேட்ட கேள்வி

பெரினாவிடம் லோவ்ரே கல்யாணப் பேச்சை எடுத்தபோது நான் மத்தி மீனுக்குக் குடல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஹ்வார் தீவின் துறையில், எங்கள் கப்பல் பால்மாவின் சமையல்கட்டில், சனிக்கிழமை சாயங்காலம். லோவ்ரே நல்லவர்தான். பார்க்கவும் லட்சணமாக இருப்பார். எங்கள் கரையில் அவரளவுக்குக் கடல் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவருடைய புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஏனென்றால் வெளியே யூகோ அடித்துக்கொண்டிருந்தது.

தெற்கிலிருந்து வரும் காற்று என்றதும் தென்றல் என்று நினைத்துச் சொக்கிவிட வேண்டாம். யூகோ எங்களைப் பிடித்த சனியன். ஈரத்துணியை முகத்தில் போட்டு அமுக்கியது மாதிரி இருக்கும். மேகம் மண்டை மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூட்டு வலிக்கும், மாவு பொங்காது, புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றுமில்லாததற்குச் சண்டை போடுவார்கள். யூகோ அடிக்கும் நாளில் எங்கள் ஜனங்கள் நிலம் வாங்கமாட்டார்கள், பெண் கேட்கப் போகமாட்டார்கள், பல் கூடப் பிடுங்கிக்கொள்ளமாட்டார்கள். டுப்ரோவ்னிக் தனி நாடாக இருந்த காலத்தில் யூகோ ஓயும்வரை சபையில் சட்டம் போடமாட்டார்களாம். நிஜமோ பொய்யோ, நாங்கள் அதை நம்பி வளர்ந்தவர்கள். அந்தக் காற்றில் எடுத்த முடிவு காற்றோடு போகட்டும் என்றுதான் விட்டுவிடுவோம்.

பெரினாவும் நானும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. ஸ்ப்ளிட்டுக்குத் தெற்கே, வீட்டுக்கு ஒரு கப்பல் வைத்திருக்கிற ஊர் எங்களுடையது. பால்மா அவளுடைய அப்பா கட்டிய மரக்கப்பல். அதில் அவர் மணல் ஏற்றினார், திராட்சை ரசப் பீப்பாய் ஏற்றினார். கடைசியில் மணலை விட மனுஷர்களை ஏற்றினால் வருமானம் என்று தெரிந்தபோது, அறைகள் கட்டி, மெத்தை போட்டு, சுற்றுலாக் கப்பலாக்கிவிட்டார். பெரினாவின் புருஷன் மாத்தே அதில் கேப்டனாக இருந்தான். பெயருக்குத்தான். வெள்ளைத் தொப்பியும் தங்கப் பித்தானும் அவனுக்கு, சுக்கான் இவளுக்கு. அவன் மேல்தளத்தில் பயணிகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது இவள் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு கப்பலைத் துறைக்குள் நுழைப்பாள். மாத்தே தங்கமான ஆள். ஆனால் கப்பலைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வான்.

அவன் மாரடைப்பில் போனதும் ஊரே துக்கம் கேட்க வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பால்மாவை என்ன விலைக்குத் தருவாய் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பெரினா எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பினாள். குளிர்காலம் முழுக்கப் படித்து, மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து கேப்டன் பரீட்சை எழுதித் தேறினாள். ஏப்ரலில் முதல் பயணம். ஒரு ஜெர்மன்காரி என்னிடம் வந்து, கேப்டன் எங்கே, பார்க்க வேண்டும் என்றாள். "அதோ, கத்திக்கிட்டு இருக்கிறாளே, அவதான்" என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை பெரினா கத்துகிறாள், பால்மா ஓடுகிறது. நான் சமைக்கிறேன்.

பயணம் ரொம்பச் சின்னது. சனிக்கிழமை ஸ்ப்ளிட்டில் ஏறினால் புதன்கிழமை டுப்ரோவ்னிக்கில் இறங்கிவிடலாம். நடுவில் ஹ்வார், கோர்ச்சுலா. நான்குமே பழைய கல் ஊர்கள். பயணிகள் கோட்டைச் சுவரைத் தடவித் தடவி, இது எத்தனை நூற்றாண்டு என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கோட்டைக்குப் பின்னால் வாடாத கீரை கிடைக்கும் என்பதுதான்.

இந்தத் துறைகளிலெல்லாம் இடம் குறைவு. அதனால் முதலில் வந்த கப்பல் கரையை ஒட்டிக் கட்டும், அடுத்தது அதன் விலாவை ஒட்டிக் கட்டும், அதற்கடுத்தது அதற்கும் வெளியே. வெளிக்கப்பல்காரர்கள் உள்கப்பலின் தளம் வழியாகத்தான் கரைக்கு இறங்க வேண்டும். எங்கள் சாப்பாட்டு மேசையைத் தாண்டி அரைகுறை உடையில் யார் யாரோ போய்க்கொண்டிருப்பார்கள். ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

லோவ்ரேயின் கப்பல் சிரேனா. புதுசு, இரும்பு, கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதுவும் எங்கள் பாதையிலேயே ஓடுகிறது. எந்தத் துறையானாலும் எங்கள் பக்கத்தில்தான் வந்து கட்டும். வேறு இடம் காலியாகக் கிடந்தாலும் அப்படித்தான். மனைவியைப் பறிகொடுத்த மனுஷர். காலையில் காபிக் கோப்பையோடு கப்பலின் ஓரக் கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் வருவார். காற்று, டீசல், முட்டாள் வழிகாட்டிகள் என்று அவரும் பெரினாவும் எதையாவது பேசுவார்கள். கண் உள்ளவர்களுக்கெல்லாம் விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒன்றும் தெரியாத பாப்பாக்கள் மாதிரி இருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் கோப்பை இல்லாமல் வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வாங்க பார்பா," என்றேன். வயதில் மூத்த கடலோடியை நாங்கள் பார்பா என்றுதான் கூப்பிடுவோம். "மீன் வேணுமா, வம்பு வேணுமா?"

"திங்கா, நீ கொஞ்சம் வெளியே இரேன்."

"கையெல்லாம் குடல். எங்கே போறது? சும்மா சொல்லுங்க, எனக்குக் காது கேக்காது."

பெரினா அடுப்புப் பக்கம் நின்று குழம்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். லோவ்ரே தொண்டையைச் செருமினார். மனப்பாடம் செய்துகொண்டு வந்தது அப்பட்டமாகத் தெரிந்தது.

"பெரினா, போதும். நீயும் பாடுபட்டுட்டே, நானும் பட்டுட்டேன். கட்டிக்கலாம். இந்தக் குளிர்காலத்துல பால்மாவை வித்துடு. என் வீட்டுல வந்து ராணி மாதிரி உட்காரு. சிரேனாவை நான் பாத்துக்கறேன்."

என் கையிலிருந்த மீன் வழுக்கிக் கீழே விழுந்தது. பெரினா கரண்டியை வைத்தாள். கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை.

"காத்து எங்கேருந்து அடிக்குது, லோவ்ரே?"

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "தெக்கேருந்து."

"யூகோவுல எவனாவது பொண்ணு கேப்பானா? உங்கம்மா உன்னைப் பெத்தாளா, வலையில பிடிச்சாளா?"

"அதில்ல பெரினா, ரெண்டு மாசமா மனசுக்குள்ளேயே..."

"ரெண்டு மாசம் பொறுத்தவன் காத்து மாறட்டும்னு பொறுக்க மாட்டியா? போ. வாடைக்காத்து வரட்டும். அப்ப கேளு, அப்ப சொல்றேன்."

வாடை என்பது எங்கள் வடக்குக் காற்று. மலையிலிருந்து சரிந்து வரும். வானத்தைத் துடைத்து வைத்துவிடும், புத்தியையும்.

லோவ்ரே கம்பியில் முழங்காலை இடித்துக்கொண்டு திரும்பிப் போனார். அரை மணி நேரத்தில் துறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கும் பொழுது போக வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை கோர்ச்சுலா. அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதிப் பயணிகளுக்கு முகம் பச்சையாகிவிட்டது. யூகோவுக்கு மறைவான மேற்குத் துறையில் கட்டினோம். பக்கத்தில், வழக்கம் போல, சிரேனா. திங்களன்று கடல் இன்னும் மோசமாகியது. கப்பல் நகராது என்று பெரினா சொல்லிவிட்டாள். முணுமுணுத்தவர்களைத் தன்னோடு கூட்டிப் போய், துறை முனையில் நிற்கவைத்து அலையைக் காட்டினாள். நனைந்து திரும்பியவர்கள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

மழை பெய்கிறது, போக இடமில்லை, பயணிகளுக்குக் கிடைத்தது இந்தக் கல்யாணக் கதைதான். கிராட்ஸ் நகரத்திலிருந்து வந்திருந்த கெர்லிண்டே என்ற அம்மாள் என்னை விடவே இல்லை. அவளுக்கு எங்கள் பாஷை அரைகுறையாகத் தெரியும்.

"உங்க கேப்டனுக்கு அவரைப் பிடிக்கலையா? பாவம், அந்த மனுஷன் சாப்பிடவே இல்லையாம்."

"அதெல்லாம் சாப்பிடுவார். கால் பானை கணவாய்க் குழம்பு நான்தான் கொடுத்தனுப்பினேன்."

"அப்ப ஏன் பதில் சொல்லல?"

"யூகோ அடிக்குதே!"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கிராட்ஸில் எந்தக் காற்றிலும் கல்யாணம் பேசுவார்கள் போலிருக்கிறது.

எனக்கும் உள்ளுக்குள் பதைப்பாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவும்போது பெரினாவைப் பிடித்துக்கொண்டேன். "அடியே, மறைக்காம சொல்லு. பதில் கேக்கல. உனக்கு அவர் வேணுமா, வேண்டாமா?"

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "வேணும்டி. காலையில அந்த ஆள் குரல் கேக்கலேன்னா எனக்குக் காபியே இறங்கறதில்ல. இந்த வயசுல இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

"அப்பறம் என்ன?"

"பால்மாவும் வேணும். எதை விட்டாலும் நான் பாதியாத்தான் இருப்பேன். பாதியை அவன் கட்டிக்கிட்டு என்ன பண்ணுவான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் திரும்பிக்கொண்டேன். கேட்பதை ஒழுங்காகக் கேட்கத் தெரியாத அந்த மனுஷரைப் போட்டு உலுக்கலாம் போல இருந்தது.

செவ்வாயன்று காற்று கொஞ்சம் தணிந்தது. திசை மாறவில்லை. டுப்ரோவ்னிக்கின் குரூஷ் துறைக்குள் மதியம் நுழைந்தோம். கயிறு கட்டி முடிக்கவில்லை, பளபளக்கும் பூட்ஸ் போட்ட ஓர் இத்தாலியன் கரையிலிருந்து நேராகப் பால்மாவுக்குள் ஏறிவிட்டான். ஒரு வணக்கம் உண்டா, ஒரு வார்த்தை உண்டா? மரச் சுவரைத் தட்டிப் பார்க்கிறான், அறைக் கதவைத் திறந்து மூடுகிறான், இயந்திர அறைக்குள் தலையை நீட்டுகிறான்.

"யாருப்பா நீ? என்ன வேணும்?" என்றாள் பெரினா.

அன்கோனாவிலிருந்து வருகிறானாம். கேப்டன் லோவ்ரே வரச் சொன்னாராம். இந்தப் பழைய கப்பலை விலைக்குக் கொடுக்கப் போகிறார்களாம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கையில் வாணலி இருந்தது. பெரினா என் கையைப் பிடித்து வாணலியைக் கீழே வைக்கச் சொன்னாள். அந்தப் பையனை மேசையில் உட்காரவைத்து, கீரையும் உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெய் விட்டுக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டான். "கப்பல் விக்கறதுக்கில்லை தம்பி. உனக்கு யாரோ யூகோவுல சொல்லியிருக்காங்க. ஊர் போய்ச் சேரு," என்று தோளைத் தட்டி அனுப்பினாள். போகும்போது அவன் இன்னொரு துண்டு ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

லோவ்ரே சிரேனாவின் தளத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரினா கம்பி ஓரமாகப் போனாள். இரண்டு கப்பல் பயணிகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"பெரினா, நான் நல்லதுக்குத்தான்..."

"பேசாதே. நானும் பேசல. யூகோ அடிக்குது. இப்ப உன்னைத் திட்டினா அளவு தெரியாம திட்டிருவேன், அப்பறம் வருத்தப்படணும். வாடை வரட்டும். நிதானமா, ஒண்ணு விடாம திட்டறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு லோவ்ரேயைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. யூகோ எப்போது ஒழியும் என்று காலமெல்லாம் சபித்த மனுஷர், இப்போது அது ஓயக்கூடாதே என்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கப்பல்காரர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன பார்பா, மேகம் கலையற மாதிரி இருக்கே?"

"வாயை மூடுடா."

"மலை உச்சி தெரியுது பார்பா. ஓடிப்போறதுன்னா இப்பவே ஓடிடுங்க."

அவர் ஓடவில்லை. அதை நான் அவருக்கு வரவில்தான் வைக்கிறேன். சிரேனாவைக் கிளப்பிக்கொண்டு நாலு நாள் எங்காவது ஒதுங்கியிருக்கலாம். இருந்த இடத்திலேயே இருந்து காற்றுக்காகக் காத்திருந்தார்.

புதன் விடியும்போது இடி இடித்து ஒரு மழை கொட்டியது. பிறகு ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் மலையிலிருந்து வாடை இறங்கியது. கயிறுகள் முறுக்கிக்கொண்டன, துணிகள் படபடத்தன. வானம் அப்படி ஒரு நீலம். எதிர்க்கரையில் இருக்கிற ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியாகத் தெரிந்தது. என் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

பெரினா தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, சுக்கான் அறையில் நின்றுகொண்டிருந்தாள். பயணிகள் இறங்க வேண்டிய நாள். ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை. கெர்லிண்டே அம்மாள் எனக்கு முன்னாலேயே நல்ல இடமாகப் பார்த்து நின்றுவிட்டாள்.

லோவ்ரே கம்பியைத் தாண்டி வந்தார். முகம் சவரம் செய்திருந்தார், நேராக நின்றார்.

"வந்துட்டேன். திட்டு."

"திட்டறேன். முதல்ல சொல்லு. என் கப்பலுக்கு ஏன் ஆள் பாத்தே?"

அவர் எங்களையெல்லாம் ஒரு தடவை பார்த்தார். மறைக்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டார் போல.

"போன மே மாசம் லஸ்தோவோ தீவுப் பக்கம் புயல்ல மாட்டினியே. ரேடியோவுல உன்னைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்போகூட நான் அப்படி நடுங்கல. அன்னிக்கு நினைச்சேன், இவளைக் கரையில உட்கார வெச்சாத்தான் எனக்கு இனிமே தூக்கம்னு."

அன்றைக்கு ரேடியோ உப்புத் தண்ணீர் புகுந்து செத்துப்போயிருந்தது. நாங்கள் ஒரு குடாவில் ஒதுங்கிச் சாவகாசமாகப் பயறு சூப் குடித்துக்கொண்டிருந்தோம். இந்த மனுஷர் இப்படித் தவித்தது எங்களுக்குத் தெரியாது.

பெரினா திட்டுவதற்கு எடுத்து வைத்ததையெல்லாம் எங்கோ வைத்துவிட்டாள் என்று தெரிந்தது. பேசியபோது குரல் மெதுவாக வந்தது.

"போன நவம்பர்ல சிரேனாவைப் பட்டறைக்குக் கொண்டுபோனியே, தனியா. பாதி வழியில வாடை புயலா அடிச்சுது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என் வீட்டு ஜன்னல்லேருந்து கடல் தெரியும். நீ முனையைத் தாண்டி வர வரைக்கும் நான் அங்கேயே நின்னேன். அடுப்புல இருந்தது கருகிப்போச்சு. வீடெல்லாம் புகை. நான் நகரல. எனக்குப் பயம் இல்லைன்னா நினைச்சே?"

லோவ்ரே திரும்பிச் சிரேனாவைப் பார்த்தார். பெரினா விடவில்லை.

"நீ போற கடல்லதான் நானும் போறேன். நீ பயந்த மாதிரிதான் நானும் பயந்தேன். அதுக்காக உன் கப்பலுக்கு ஆள் தேடினேனா, லோவ்ரே?"

"இல்லை."

"உன்னை வீட்டுல வந்து ராஜா மாதிரி உட்காருன்னு சொன்னேனா?"

"இல்லை, பெரினா. சொல்லலை."

வாடை கம்பிகளில் ஊதிக்கொண்டிருந்தது. இவள் ஜன்னலில் நின்ற கதை எனக்கே அன்றுதான் தெரியும். ஒரே தெருவில் பிறந்து, ஒரே கப்பலில் கிடந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

"தப்புதான்," என்றார் லோவ்ரே. "பெரிய தப்பு. இனிமே அந்தப் பேச்சு என் வாயில வராது."

"சரி. இப்ப கேளு."

"எதை?"

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "சனிக்கிழமை கேட்டீங்களே பார்பா, அதைத்தான்! விக்கறது உட்கார்றது எல்லாத்தையும் குடல் மாதிரி எடுத்து எறிஞ்சுட்டு, மிச்சம் என்ன இருக்கோ அதைக் கேளுங்க!"

அவர் யோசித்தார். கடலில் முப்பது வருஷம் சத்தமாகக் கட்டளை போட்டுப் பழகிய குரல், இப்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"நீயும் கடல்ல இரு, நானும் இருக்கேன். பயப்படறதை மட்டும் இனிமே சேர்ந்து பயப்படலாமா?"

பெரினா சிரித்தாள். மாத்தே போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அது வேணா செய்யலாம்," என்றாள்.